சல்லடைக்கு இரண்டு முன்பற்கள்

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்பவர் அவர். பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு, ராவி, மினுக்கி அனுப்புவார். அந்தப் பற்கள் போய்ச் சேரும் வாய்களை அவர் பார்ப்பது அபூர்வம். சனிக்கிழமை மட்டும் அரை நாள் வேலை. மதியத்துக்கு மேல் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்டம் இருக்கும். போன வருடம் வரை, இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. அணியும் இருபத்திரண்டு வருடமாக ஒரு கோப்பையையும் தொட்டதில்லை.

கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள், "எப்பதான் ஜெயிப்பாங்க?"

"அடுத்த வருஷம்."

அப்புறம் அவள் கேட்கவில்லை.

அவர் மைதானத்துக்குக் கிளம்பிய பிறகு அவள் கோயிலுக்குப் போவாள். குழந்தை வேண்டுமென்று போக ஆரம்பித்தவள். மூன்று முறை தரித்து, மூன்று முறையும் தங்கவில்லை. ஒருநாள் அவர் வாய்விட்டுக் கேட்டே விட்டார்: "கேட்டது கிடைக்கல. இன்னும் எதுக்குப் போற?" அவள் வெளுத்துப்போன அவருடைய அணிச் சட்டையைத் துவைக்க எடுத்துப் போனாள்.

போன வருடம் அணியின் கோல்கீப்பர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் சல்லடை. சொந்த அணிக்காரனின் முழங்கை பட்டு முன்பல் இரண்டு போயிருந்தன. பல்லின் நிறம் பார்க்க டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார். மாதிரிப் பல்லை அவன் உதட்டருகே பிடித்தபடியே அவர் சொன்னார்:

"தம்பி, இருபத்திரண்டு வருஷமா உங்க மேட்ச் ஒண்ணைக்கூட நான் விட்டதில்ல."

சல்லடை அவரை ஏற இறங்கப் பார்த்தான். "டிக்கெட் வாங்கியா அண்ணே?"

"ஆமா."

"எங்களுக்காவது சம்பளம் தர்றாங்க. நானா இருந்தா வரமாட்டேன்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பற்களில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மைதானத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம், ஒழுகாமல் இருந்த சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினார். அது ஒழுக ஆரம்பித்தது.

"உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"நம்பிக்கை போச்சு. நம்ம கோல்கீப்பரே வரமாட்டானாம்."

அவள் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்தாள். "எனக்கும் போச்சு. மூணாவது தடவைக்கு அப்புறம் ஒரு வருஷம் கோயில் பக்கமே போகல."

"எப்ப? எனக்குத் தெரியாதே?"

"நீங்க மேட்ச்ல இருந்தீங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்புறம் ஏன் திரும்பிப் போன?"

"வீட்டுல தனியா உக்காந்து கோபப்பட்டுக்கிட்டே இருந்தேன். அதை அங்கயே போய்ப் படலாம்னு தோணுச்சு. கோபப்படவும் ஒரு ஆள் வேணும்ல."

அந்தக் குழந்தைகளைப் பற்றி இருவரும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அன்று பேசினார்கள். வாளி இரண்டு முறை நிறைந்தது. ஆட்ட நேரம் முடிந்துபோனதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் சட்டையை மாட்டியபோது அவளும் செருப்பைப் போட்டாள். சிமெண்டுப் படியில் விரித்து உட்கார ஒரு பழைய போர்வையை மடித்து எடுத்துக்கொண்டாள். பத்தாவது நிமிடம் சல்லடையைத் தாண்டி முதல் கோல் விழுந்தது. இடைவேளைக்குள் மூன்று. வெளுத்த சட்டையையே பார்த்துப் பழகியவளுக்குப் ஆட்டக்காரர்களின் புதுச் சட்டை நிறம் அடையாளம் தெரியவில்லை.

"இதுல நம்மாளுங்க யாரு?"

அவர் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அணி அடுத்த கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அங்கே ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும். இருவரும் போகிறார்கள்.