தாத்தன் பேரில் இருந்த ஊர்

நாகலூரிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்டேட் தொழிலாளி, மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மகள் காலேஜில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பூர்வீக ஊர் அத்தாட்சி கேட்கிறார்கள். நாளை கடைசி நாள் என்றார்.

"எங்க தாத்தன் பேருலயே ஆத்தூருன்னு இருக்குதுங்க. மூணு தடவ போயிட்டேன். அங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியலீங்க. இன்னைக்கும் அங்கதானுங்க போறேன்."

அந்தக் காலத்தில், எஸ்டேட் வேலைக்கு ஆள் கூட்டிவந்த மேஸ்திரியின் ஊரையே அத்தனை பேர் பெயருக்கு முன்னாலும் கணக்கெழுதும் ரைட்டர் பதிவேட்டில் எழுதிவிடுவாராம். கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

பையைத் தொட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப எங்க ஊரு எதுங்க?"

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நான் இறங்கிக்கொண்டேன். அவர் அந்தப் பையோடு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறும்போது அவருக்குத் தேடிப் போக ஓர் ஊராவது இருந்தது.