தவறணைக்கு வராத நாற்பது பேர்

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளி ரோட்டில் மூன்றாவது முடக்கில் இருந்த கள்ளுத் தவறணையில் பத்தொன்பது வருஷம் கள்ளு ஊற்றியவர் மாடசாமி. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், "நல்லா இருக்கு" என்று சொல்லி அவர் கேட்டதில்லை. தண்ணி என்பான் ஒருத்தன். புளிச்சுப் போச்சு என்பான் இன்னொருத்தன். நேத்து மிஞ்சினதை இன்னைக்கு ஊத்துறான் என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். சரி, அவ்வளவு மோசமென்றால் வராமல் இருக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. வேலை முடிந்து தேயிலை மலையை விட்டு இறங்கினால் தோட்டத்து ஆட்கள் நாற்பது பேரும் நேரே இங்கேதான். திட்டிக்கொண்டே வருவார்கள், திட்டிக்கொண்டே குடிப்பார்கள், திட்டிக்கொண்டே கோப்பையை மறுபடி நீட்டுவார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஜெயராசா. குடியிருப்பது மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடு, கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியை வெட்டுவதைவிட வாயால் வெட்டுவதில் கெட்டிக்காரன். குடிப்பதற்கு முன்னால் முனியாண்டி சாமிக்கென்று விரலால் தொட்டு மூன்று சொட்டு தரையில் தெளிப்பது எல்லோருக்கும் வழக்கம். ஜெயராசா தெளித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். "முனியய்யா, மன்னிச்சுக்க. பீலிக் குழாயில புடிச்ச தண்ணியைத்தான் குடுக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிடுவான். தவறணையே சிரிக்கும். மாடசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், என் கையால ஒரு சொட்டு தண்ணி கலந்திருந்தேன்னா, இருக்கிற இந்தக் கையும் போகட்டும்டா!"

அவருக்கு இருந்தது ஒரு கைதான். இடது கை தேயிலை ஃபெக்டரியில் ரோலருக்குள் போய்விட்டது. உயிரும் போகிற நிலைமையில் பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கதிர்காமத்து முருகனிடம் ஒரு வார்த்தை கொடுத்தார். கை போனால் போகிறது, உசிரை விட்டுவை, இனிமேல் கள்ளு சாராயம் எதையும் தொடமாட்டேன். முருகன் விட்டுவைத்தான். ஒற்றைக் கையனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றார்கள். பதுளையில் இருந்த தவறணை முதலாளி, குடிக்காதவன் ஊற்றினால் பீப்பாய் பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து தினமும் நாற்பது பேருக்கு ஊற்றினார், தன் நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை.

அதுதான் ஜெயராசாவுக்குப் பிடி. "எங்க, நீ குடிச்சுப் பாத்துச் சொல்லுண்ணே, தண்ணியா இல்லையான்னு." மாடசாமி உள்ளுக்குள் புகைந்துகொண்டே அடுத்த கோப்பையை மொள்வார். கீழ்ச் சந்தியில் இன்னொரு தவறணை இருந்தது. அந்தத் தவறணைக்காரன்தான் ஜெயராசாவுக்குத் தினமும் ஒரு போத்தல் கொடுத்து இப்படிப் பேச வைக்கிறான் என்பது அவருடைய தீர்மானம். இரண்டு தடவை அவன் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போயும் பார்த்தார். அவன் நேரே வீட்டுக்குத்தான் போனான். தான் பின்னால் வருவதைக் கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான் இன்றைக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். சந்தேகம் வந்துவிட்டால் இந்த மனுஷனைத் திருப்ப யாராலும் முடியாது.

எழுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் ஒருநாள், கள்ளு லொறியோடு முதலாளியே வந்து இறங்கினார். இந்தப் பக்கத்தில் இரண்டு தவறணை தேவையில்லையாம். ஒன்றை எடுத்துவிடப் போகிறார்களாம். நாளைக்கு அரசாங்க மதுவரிக் கந்தோரிலிருந்து ஒரு ஆபீசர் ஐயா வந்து குடிக்கிற ஆட்களையே விசாரித்துப் பேரோடு எழுதிக்கொண்டு போவாராம். "ஆளுங்க நல்லதா நாலு வார்த்தை சொன்னா நம்ம கடை நிக்கும். இல்லாட்டி எனக்கு ஒண்ணுமில்ல மாடசாமி, பதுளையில வேற தொழில் இருக்கு. நீதான் பாவம்" என்றார்.

நல்லதாக நாலு வார்த்தையா? இவன்களா?

வேலை போனால் என்ன ஆகும் என்பது அவருக்கும் அவர் மனைவி ரெங்கம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். ரெங்கம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவருவதில் இரண்டு வயிறு நிறையாது. அவள் அண்ணன் இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து, வந்துவிடு வந்துவிடு என்று கடிதம் போட்டுக்கொண்டே இருந்தான். இந்தியப் பிரஜையாகவே போய்விடுகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறுகிறவர்கள் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த காலம் அது. "இந்தத் தவறணை வேலை இருக்கிற வரைக்கும்தாங்க. அதுவும் போனா எழுதிக் குடுத்துட்டுப் போயிருவோம்" என்று அவள் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவர்களுடைய ஒரே மகள் புஷ்பம் நமுனுகுலவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவள் இங்கேதான். இவர்கள் அங்கே போனால் இனி அவள் முகத்தை எந்த ஜன்மத்தில் பார்ப்பது?

ஆகவே அன்று சாயங்காலம் மானத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் நின்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு ஒரு ஐயா வருவாரு. உங்க பேரைக் கேட்டு எழுதிக்குவாரு. தவறணையைப் பத்தி நல்லதா சொல்லுங்க. அவ்வளவுதான்."

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரையா?" என்றான் ஜெயராசா. "எங்க பேரு அவங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான்பா. யாரு யாரு குடிக்கிறாங்கன்னு."

"லய நம்பரும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க போல."

கோப்பைகள் பாதியோடு கீழே இறங்கின. பேரையும் லய நம்பரையும் எழுதிக்கொண்டு போன எந்தக் கடுதாசி அந்த ஜனங்களுக்கு நல்லது செய்திருக்கிறது? ஓட்டு லிஸ்டிலிருந்து வெட்டியதும் கடுதாசி, நீ இந்தியாக்காரன் என்று சொன்னதும் கடுதாசி. பாவம், இந்த மாடசாமி நல்ல வார்த்தை வாங்கப் போய்த் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் முன்னாலேயே விஷயம் பழுத்துவிட்டது. குடிகாரர்களைத்தான் முதலில் கப்பலேற்றப் போகிறார்களாம். ஒவ்வொரு தவறணையிலும் லிஸ்ட் எடுக்கிறார்களாம். லிஸ்ட்டில் பேர் இருந்தால் பிரஜாவுரிமை மனுவைக் கிழித்துப் போடுவார்களாம். ஜெயராசா மனுப் போட்டு ஆறு வருஷம் காத்திருந்தான். அவன் பெண்டாட்டி பாக்கியலெட்சுமி மலையிலேயே உட்கார்ந்து அழுதாளாம். இதை ரெங்கம்மாதான் மத்தியானம் வந்து சொன்னாள்.

"கிறுக்குப் பயலுவ! தவறணையைப் பத்திக் கேக்கத்தான் வர்றாங்கன்னு மொதலாளி என்கிட்டச் சொன்னாருடி."

"மொதலாளி சொன்னா வேதமா? அவருகிட்ட வேற என்ன சொல்லி அனுப்பினாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சந்தேகப்படுகிற ஆள் மாடசாமி. நேற்றுவரை இது தோன்றவில்லையே என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அதுவும் சரிதானே? கள்ளைப் பற்றி விசாரிக்க வருகிறவனுக்கு லய நம்பர் எதற்கு?

நாலரை மணிக்கு அந்த ஐயா வந்தார். பேர் பாறூக், பதுளைக்காரர், கையில் எழுதுவதற்கு ஒரு தடித்த கொப்பி. வாசலில் நின்று மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தார். முகத்தில் கெட்டது ஒன்றும் தெரியவில்லை. அதுவே மாடசாமிக்குச் சந்தேகமாக இருந்தது.

"மாடசாமி, நான் முஸ்லிம் மனிசன். இத வாயில வெச்சுப் பாக்க எனக்கு ஏலாது. அதான் குடிக்கிற ஆக்கள்ட்டயே கேக்க வந்திருக்கன். எங்க ஆக்கள்?"

ஆட்கள் எங்கே? ஐந்து மணியாகியும் அவர்கள் உட்காரும் வாங்குகள் காலியாகக் கிடந்தன. பாறூக் ஐயாவே ரோட்டுக்குப் போய், தவறணைப் பக்கம் திரும்பாமல் மறுபக்க ஓரத்தை ஒட்டி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தவர்களை மறித்துக் கூட்டி வந்தார். நாலைந்து பேர் அகப்பட்டார்கள்.

முதலாவது ஜெயராசா. பிறந்ததிலிருந்து தவறணையையே பார்க்காதவன் போலக் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"இங்க கள்ளு எப்பிடி?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் குடிக்கிறதே இல்லீங்க. பொறந்ததிலருந்து இல்லீங்க. பீலிக்குப் போறேங்க."

"வாளி இல்லாமயா?"

"வாளி... அங்க இருக்குங்க."

அடுத்தவர் வயதான மனிதர். மாடசாமிக்கு உதவி செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். "ரொம்ப நல்ல தவறணைங்க ஐயா. இது மாதிரி தவறணை பதுளையிலயே கிடையாது. ஒருத்தரும் குடிக்க வரமாட்டாங்க. அமைதியா இருக்கும்" என்றார். மீதிப் பேரும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். மாடசாமியை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று ஒருத்தன் சத்தியம் செய்தான். அவன் மாடசாமியின் சித்தப்பா மகன்.

பாறூக் ஐயா ஒன்றுவிடாமல் எழுதினார். பிறகு பீப்பாயைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கி ஒரு பீப்பாய் முடியிது எண்டு ஒங்கட முதலாளி செல்றார். ஆக்கள் எல்லாம் குடிக்கிறதே இல்ல எண்டு செல்றாங்க. அப்ப இதக் குடிக்கிறது யாரு? நீங்க பேரச் செல்லுங்க மாடசாமி. ஒரு நாப்பது பேர் செல்லுங்க, கட நிக்கும்."

நாற்பது பேரும் மாடசாமிக்கு மனப்பாடம். யாருக்கு நுரை பிடிக்காது, யார் மூன்றாவது கோப்பையில் அழுவான், எல்லாம் தெரியும். சொன்னால் வேலை தங்கும். புஷ்பம் மாதத்துக்கு ஒருதரம் நமுனுகுலவிலிருந்து பஸ் ஏறி வருவாள். வாசலில் ஜெயராசா நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிய அந்த ஆள் இப்போது பாறூக் ஐயாவின் பேனா முனையையே வெறித்துக்கொண்டு நின்றான். இந்தக் கொப்பி எங்கே போகும்? நிஜமாகவே தவறணைக் கொப்பிதானா? யாருக்குத் தெரியும்?

"யாரும் வர்றதில்லீங்க ஐயா" என்றார் மாடசாமி. "நானே குடிச்சிருவேங்க."

"பீப்பாய் முழுக்க?"

"ஆமாங்க."

பாறூக் ஐயாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. "எங்க, குடிங்க பாப்பம்" என்றார்.

மாடசாமி ஒரு கோப்பை நிறைய மொண்டார். கதிர்காமத்தானே, பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னார். மூன்று சொட்டுத் தெளிக்கக்கூட மறந்துபோய், மடக் மடக்கென்று குடித்தார்.

ரோலருக்குக் கையைக் கொடுப்பதற்கு முன் அவரும் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்த ஆள்தான். நாக்கு மறக்கவில்லை. சொட்டுக் காரம் இல்லை, புளிப்பு இல்லை. தண்ணி. லொறியில் ஏறும்போதோ அதற்கு முன்னாலேயோ எந்தப் புண்ணியவானோ கலந்துவிட்ட பச்சைத் தண்ணி. பத்தொன்பது வருஷமாக இவன்கள் சொன்னது அத்தனையும் நிஜம்! இருக்கிற கையும் போகட்டும் என்று தினம் தினம் தான் சத்தியம் செய்தது இந்தத் தண்ணிக்காகவா? அவருக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார் பாறூக் ஐயா.

வாசலில் நின்ற ஜெயராசா பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குங்க ஐயா" என்றார் மாடசாமி.

தைப் பொங்கல் முடிந்த கையோடு தவறணையைப் பூட்டினார்கள். கீழ்ச் சந்தித் தவறணை தங்கியது. நாற்பது பேரும் அங்கே போய் அந்தக் கள்ளைத் திட்ட ஆரம்பித்தார்கள். கொப்பியில் பேர் எழுதப்பட்ட ஒருத்தரையும் யாரும் கூப்பிடவில்லை. அது வெறும் தவறணைக் கொப்பிதான். அடுத்த வருஷம் ஜெயராசாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது. தவறணை பூட்டியதும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த மாடசாமியும் ரெங்கம்மாவும் அதே மாதம் இரண்டு டிரங்குப் பெட்டியோடு பதுளை ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

புஷ்பம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொல்லி மாளாது. அவளை விலக்கிவிட்டு ரெங்கம்மாவை ரயிலில் ஏற்றியபோதுதான் ஜெயராசா ஓடி வந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நான் சொன்னதெல்லாம் பொய்யிண்ணே. ஒரு நாளும் தண்ணி இல்லண்ணே. முனியாண்டி சத்தியமா இல்ல. சும்மா வாய்க் கொழுப்புல சொன்னேன். ஒன் கள்ளு நல்லா இருந்துச்சுண்ணே."

பத்தொன்பது வருஷம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மாடசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"டேய், பொய் சொல்லாதடா!"

"சத்தியமாண்ணே!"

ரயில் அசைந்தது. ஜெயராசா கம்பியை விடாமல் கூடவே ஓடினான். மாடசாமி அந்த ஒற்றைக் கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டபடியே கத்தினார்.

"தண்ணிதான்டா! நான் குடிச்சுப் பாத்தேன்ல, தண்ணிதான்டா அது!"