சகலையின் பழைய டீசல் வண்டியும் ஜவ்வாது மலையில் படுத்த என் புது வண்டியும்

பத்து வருடம் தாண்டிய டீசல் காரை நம்பி மலை ஏறலாமா என்று சென்ற மாதம் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இருக்க முடியாது. பதின்மூன்று வயதான ஒரு டீசல் வண்டி ஜவ்வாது மலை ஏறியதை, நான்கு வயதான டீசல் வண்டியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வயிறு எரிய எரியப் பார்த்தேன்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. என் மாமியார் கண்ணமங்கலத்தில் நாற்பது வருடமாக இருக்கிறார். அந்த மலையைத் தினமும் பார்க்கிறார், ஒரு தடவைகூட ஏறியதில்லை. 'ஏலகிரி எல்லாம் போய்ட்டு வர்றீங்க, கண்ணு முன்னாடி இருக்கற மலைக்கு என்னை இட்டும் போக மாட்றீங்க' என்று அவர் சொன்னதால் கிளம்பியது இந்தப் பயணம். நான், மனைவி கவிதா, பதினொரு வயது மகள் நிலா ஒரு வண்டி. கவிதாவின் அக்காள் கணவர், அதாவது என் சகலை குமரேசன், அவர் மனைவி, மாமியார் இன்னொரு வண்டி.

அந்த இன்னொரு வண்டி ஏழு வருடத்துக்கு முன்பு என்னுடையது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை புரியாது. 1,48,000 கிலோமீட்டரில் கறுப்புப் புகை விட்டது, கிளட்ச் கல்லாக இருந்தது, குளிர் காலையில் இரண்டு முறை முக்கித்தான் ஸ்டார்ட் ஆகும். எங்கள் தெரு மெக்கானிக், 'இஞ்சின் ஆயுசு அவ்ளோதான் சார், இருக்கும்போதே தள்ளிடுங்க' என்றார். கண்ணமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் குமரேசன் கேட்டார், தள்ளிவிட்டேன். நல்லவேளை தப்பித்தோம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து நான் புது டீசல் வாங்கினேன். நான் தள்ளிவிட்ட வண்டி இப்போது 3,86,000 ஓடியிருக்கிறது.

காலை 5.40-க்கு வேலூர் சத்துவாச்சாரியில் கிளம்பி 27 கிலோமீட்டர் வந்து 6.25-க்குக் கண்ணமங்கலம் சேர்ந்தோம். குமரேசன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அதன் அடிப்பக்கம் முழுக்க மார்க்கரில் சின்னச் சின்ன எழுத்து. ஆயில் மாற்றிய கிலோமீட்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இஞ்சினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்றார். புகை இல்லை. அதில்தான் எனக்கு முதல் எரிச்சல்.

"இஞ்செக்டர் மாத்திட்டீங்களா சகலை?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. சர்வீஸ்தான் பண்ணேன். ஃபில்டர்ல தண்ணி நின்னுனு இருந்துச்சு, அத்த வடிச்சு வுட்டாவே பாதி வியாதி போய்டுச்சு."

என்னிடம் இருந்தபோது அந்த ஃபில்டரில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருப்பதே எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளாமல் மாமியார் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க எங்க வண்டில வாங்க, அது மலை ஏறுமோ ஏறாதோ" என்றேன். அவர், "வேணா மாப்ள, எனக்கு இதான் பழக்கம், தூக்கிப் போடாது" என்று பழைய வண்டியில் ஏறினார். நிலாவும் பாட்டியோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொரு உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு வாரமாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புது டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு, டிபிஎஃப் என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் வரும் விளக்கு. கவிதா கேட்டபோது, சீட் பெல்ட் விளக்கு என்று சொல்லியிருந்தேன்.

கண்ணமங்கலத்திலிருந்து போளூர் 26 கிலோமீட்டர். அங்கே இட்லி, பொங்கல், காபி ஆறு பேருக்கு 390 ரூபாய். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் 42 கிலோமீட்டர், அதில் பின்பாதிதான் மலை. 8.50-க்கு அடிவாரம். குமரேசன் ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது கியரில் நிதானமாக ஏறினார். நான் அவரை முந்தினேன். முந்தும்போது ஹாரன் அடித்தேன், தேவையே இல்லாமல்.

மூன்று வளைவு தாண்டியிருப்பேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டிக்குக் காதே கேட்கவில்லை. மஞ்சள் விளக்கோடு இன்னும் இரண்டு விளக்கு சேர்ந்துகொண்டன. வேகம் இருபதுக்கு மேல் போகவில்லை. வடிகட்டி முழுக்க அடைத்தால் இஞ்சினைக் காப்பாற்ற வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். கவிதா விளக்குகளையும் என்னையும் பார்த்தாள். "இதுல எதுங்க சீட் பெல்ட்டு?" என்றாள்.

இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த குமரேசன் இறங்கினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஆபீசுக்கு எவ்ளோ தூரம் ஓட்றீங்க சகலை?" என்று மட்டும் கேட்டார்.

"மூணரை கிலோமீட்டர்."

"அதான். சூடு ஆவறதுக்குள்ள அணைச்சிடுறீங்க. கரி எரியவே இல்ல."

டீக்கடை அக்காவிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "வுட்டுட்டுப் போங்க சார், யாரு இன்னா பண்ணப் போறாங்க? எட்த்துனு போனாலும் நவுராது போலக்கீதே" என்றார். ஆறு டீ 72 ரூபாய்.

ஆறு பேரும் பழைய வண்டியில் நெருக்கிக்கொண்டோம். ஐந்து பேர் வண்டி அது, யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். குமரேசன் சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. உங்க வண்டிதானே."

உட்கார்ந்தேன். கிளட்ச் கால் வைத்ததும் இறங்கியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஆறு பேர் எடையோடு செங்குத்து வளைவில் அந்த இஞ்சின் முணுமுணுக்காமல் ஏறியது. என்னோடு இருந்த ஆறு வருடத்தில் இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. பின்னால் மாமியார், "பெரிய மாப்ள வண்டிய வச்சிருக்கற மாதிரி யாரும் வச்சிக்க முடியாது" என்றார்.

அப்போது நான் செய்தது கேவலமான காரியம். இரண்டாவது கியரில் ஏற வேண்டிய ஏற்றத்தில் மூன்றாவதிலேயே வைத்து அமுக்கினேன். இஞ்சின் தடதடவென்று அடித்தது. அடிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. என் மனைவி, மகள் எல்லாரும் உள்ளே இருக்க, அந்த வண்டி ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

குமரேசன் என் தோளைத் தொட்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சகலை, ரெண்டாவதுக்கு வாங்க. பாவம், கத்துது பாருங்க" என்றார்.

இரண்டாவதுக்கு மாற்றினேன். சத்தம் அடங்கியது. என் காது மட்டும் ஜமுனாமரத்தூர் வரை சுட்டுக்கொண்டிருந்தது.

10.30-க்குச் சேர்ந்தோம். அணைக்கும் முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடச் சொன்னார், டர்போ ஆறுவதற்காம். ஏரியில் மிதிபடகு நான்கு பேருக்கு 150 ரூபாய். மாமியார் படகில் ஏற மறுத்து, கரையில் நின்று தன் ஊர் எந்தத் திசை என்று மூன்று பேரிடம் விசாரித்தார். சாப்பாடு ஆளுக்கு 120. சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கினோம். புறப்படும்போது புதூர்நாட்டு ஜீப் டிரைவர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து சத்தத்தைக் கேட்டார்.

"இன்னா சார், எவ்ளோ ஓடிக்கீது? குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, நான் எட்த்துக்கறேன்."

"இது குடுக்கறது இல்லீங்க" என்று குமரேசனுக்கு முன்பாக நான் பதில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

இறங்கும் வழியில் அவரே ஓட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த நான் மெதுவாகக் கேட்டேன். "சகலை, இத திருப்பி எனக்கே குடுத்துடுங்களேன். என்ன விலையானாலும் சரி."

அவர் அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கிட்ட ரெண்டு வருஷம் தாங்காது சகலை. வண்டி என்னா சொல்லுதுன்னு நீங்க கேக்கறதே இல்ல."

பின் சீட்டில் பேச்சு நின்றது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடையில் விட்ட என் வண்டியை இருபதில் இறக்கி, வீடு சேர இரவு ஆகிவிட்டது. மறுநாள் சர்வீஸில் வடிகட்டியைச் சூடேற்றிக் கரியை எரித்தார்கள். வண்டியில் குறை ஒன்றுமில்லை, ஓட்டிய விதம்தான் என்றார்கள். இந்தச் செய்தியைக் குமரேசனிடம் சொல்ல நான்கு நாள் எடுத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பழைய டீசலோ புதிய டீசலோ, மீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பராமரித்தது யார் என்று பாருங்கள். ஆயிலைப் புத்தகம் சொல்வதற்குக் கொஞ்சம் முன்பே மாற்றுங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடியுங்கள். ஊருக்குள் மட்டுமே ஓடும் புது டீசல் என்றால், வாரம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். தினம் மூன்றரை கிலோமீட்டர்தான் என்றால் டீசலே வாங்காதீர்கள். ஏற்றத்தில் கியரைக் குறைக்க வெட்கப்படாதீர்கள். போளூரிலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

பொறாமை தீர்ந்ததா என்றால் இல்லை. சென்ற மாதத்திலிருந்து கவிதா கார் ஓட்டப் பழகுகிறாள். நம் வண்டி இருக்கிறதே என்றேன். அவள் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துக் கண்ணமங்கலம் போய், அந்த வண்டியில்தான் பழகுகிறாள். நேற்று சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, இவ்ளோ நல்ல வண்டிய எதுக்குங்க வித்தீங்க?" என்றாள்.

காபி போட்டுத் தரட்டுமா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.