மாமா மிச்சம் வைத்த கோப்பி

எங்கள் வீட்டில் அன்றாடம் தேநீர்தான். கோப்பி மணம் வந்தால் யாரோ வெளிநாடு புறப்படுகிறார்கள் என்று பொருள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிவீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி, சின்ன மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரின் அழைப்புக்குக் காத்திருந்தார். சண்டைக் காலம். ஒருமுறை பொலிசார் அவரைத் தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டார்கள். அன்றிலிருந்து அவர் கடைக்குப் போனாலும் அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அதெல்லாம் பெரியவர்களின் கவலை. என் கவலை கோப்பி.

அழைப்பு வந்த பிறகுதான் அம்மா கொட்டையை வறுக்கவே தொடங்குவார். கொஞ்சம் மல்லியும் சேர்ந்து வறுபடும். பிறகு உரலில் இடி. இடி தாங்காமல் கீழ்வீட்டு நோனா, அந்தச் சிங்கள அம்மா, சத்தம் போடுவார். மாமாவை ஏற்றிப்போக வந்த வான் வாசலில் ஹோன் அடிக்கும்.

"கடையிலை தூள் இல்லையே? வான்காரன் கத்துறான்," என்பார் அப்பா.

"கடைத்தூளைக் குடிச்சிட்டோ என்ரை தம்பி போறது? கொஞ்சம் பொறுங்கோ."

கொதித்த நீரில் தூளைப் போட்டு மூடினால், மண்டி அடியில் இறங்கும்வரை கேத்திலைத் தொடவும் விடமாட்டார்.

சின்னப்பிள்ளைகளுக்குக் கோப்பி கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆனால் மாமா பாதியைக் குடித்துவிட்டு, "இது என்ரை மருமோளுக்கு," என்று கோப்பையை நீட்டுவார். புறப்படுகிறவரை மறித்துப் பேச அம்மாவுக்கு மனம் வராது. அடடா, அந்தப் பாதிக் கோப்பி!

முதல் தடவை மாமாவை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது வீடே இடிந்துபோயிற்று. இன்னொரு பாதிக் கோப்பி வருமே என்று நான் மட்டும் துள்ளினேன். இரண்டாம் தடவையும் அதே கதை. அதற்காக நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டிருந்தது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் தடவை, ஒரு பின்னேரம். அம்மா இன்னும் ஆறுதலாக, மெல்ல மெல்ல வறுத்தார். அப்பாவும் அவசரப்படுத்தவில்லை. நான் மாமாவின் கதிரையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கோப்பி பாதிக்கு வந்தது. அவர் நிறுத்தவில்லை. குனிந்த தலை நிமிராமல், மண்டி தெரியும்வரை குடித்து முடித்தார்.

"நல்ல கோப்பி, அக்கா," என்றார். என் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இதென்ன அநியாயம்! நான் நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பாருங்கோவன், இந்தச் சின்னனுக்கு மாமாவிலை எவ்வளவு பாசம்!" என்று சொல்லிச் சொல்லித் தானும் அழுதார். அப்பாகூடக் கண்ணைத் துடைத்தார். இந்த நிலையில் கோப்பிக்காகத்தான் அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாசக்காரி என்று பெயர் எடுத்தாயிற்று, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சத்தமாகவே வேண்டினேன்.

"பிள்ளையாரே, மாமாவைத் திருப்பி அனுப்பிவிடு."

அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "அப்பிடிக் கேக்காதை, பிள்ளை. கேக்கவே கூடாது."

பிறகு பிள்ளையாரைப் பார்த்துத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா மேல் பாசம் என்று நேற்றுக் கட்டிப்பிடித்து அழுதவர், அவர் திரும்பி வரவேண்டும் என்று கேட்டதும் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.