பட்டாளத்துக் கால்சட்டை

லீவில் வந்த என் கணவருக்கு ஒன்றரை மாதத்தில் பட்டாளத்துக் கால்சட்டையின் பொத்தான் எட்டவில்லை. பட்டாளத்தில் சோறே போடமாட்டார்கள் என்று நினைத்து மாமியார் ஆக்கிப்போட்ட கறிக்குழம்பு அப்படி. எடை கூடினால் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, "தையலைப் பிரிச்சுவுடுடி" என்றார்.

"துணியப் பிரிச்சுவுடலாம். அங்க தராசுல ஏறச் சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

மண்வெட்டியைக் கொடுத்து, கரும்புக்கு மண் அணைக்க என்னோடு கூட்டிப்போனேன். நாட்டையே காக்கிறவர் மூன்றாவது சாலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை. பதினைந்து நாள் வெட்டினார்.

கிளம்பும் நாளன்று பொத்தான் மாட்டியது. பாகூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வழியனுப்ப வந்தவர்களிடம், "மிலிட்டரி உடம்புன்னா சும்மாவாபா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். உள்ளங்கைக் கொப்புளத்தை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை.