மாடி வீட்டுக்கு முந்திரி கேக்

மராத்தி ஊரான கட்கியின் கடைவீதியில் ஒரு பேக்கரி இருந்தது. டிசம்பர் கடைசியில் அங்கே ரொட்டி வாங்க வருகிறவர்களைவிட மாவு கொண்டுவருகிறவர்களின் கூட்டம்தான் அதிகம். தொண்ணூறுகளில் எங்களைப் போன்ற வீடுகளில் ஓவன் கிடையாது. கேக் மாவை வீட்டிலேயே கலக்கி, டின்னில் ஊற்றி, மேலே துணி போட்டு மூடி எடுத்துப்போனால், பேக்கரிக்காரர் தன் ரொட்டி வேலை முடிந்த சூட்டில் வைத்துச் சுட்டுத் தருவார். ஊரார் வீட்டு டின் எல்லாம் ஒரே அடுப்பில் போவதால் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருப்பார்கள். சிலர் டின்னின் அடியில் ஆணியால் கீறியிருப்பார்கள். சிலர் டின்னின் கைப்பிடிக் காதை ஒரு பக்கம் வளைத்துவிட்டிருப்பார்கள்.

எங்கள் அம்மாவின் அடையாளம் முந்திரிப்பருப்பு. வருஷா வருஷம் இரண்டு கேக் போடுவாள். முட்டை போட்டது எங்களுக்கு. முட்டை போடாதது மாடி வீட்டு மாமிக்கு. முட்டை போடாத மாவின் மேல் மட்டும் முந்திரியை வட்டமாக அடுக்குவாள். எங்களுடையது மொட்டையாகப் போகும். நல்ல முந்திரி எல்லாம் மாடிக்குப் போகிறதே என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல் உண்டு.

ஔந்த் போகிற சாலையை ஒட்டியிருந்த எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் வீடுகள் இரண்டே. கீழே நாங்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். தாத்தா காலத்திலேயே ராணுவக் கண்டோன்மென்டுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மாடியில் மாமாவும் மாமியும், தஞ்சாவூர்ப் பிராமணர்கள். மாமா பேங்கில் வேலை பார்த்தார். அம்மா பள்ளிக்கூட டீச்சர். பகல் முழுவதும் ஆங்கிலமும் ஹிந்தியும் மராத்தியும் பேசி வாய் களைத்து வருகிறவள், முகம் கழுவிக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விடுவாள். மாமி காப்பி கொடுப்பார். இருவரும் விளக்கு வைக்கும்வரை தமிழில் பேசுவார்கள். பேச்சில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. காய்கறி விலையும் கால்வலியும்தான். ஆனால் அந்தப் பேச்சு இல்லாத நாளில் அம்மா இருப்புக்கொள்ளாமல் வீட்டில் சுற்றிச்சுற்றி வருவாள்.

எத்தனை வருஷம் போய்வந்தும் அம்மா அந்த வீட்டு ஹாலைத் தாண்டியதில்லை. தாண்டாதே என்று யாரும் சொன்னதுமில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். மாமி திரைக்கு உள்ளே போய்க் காப்பியோடு வெளியே வருவார். அம்மா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். விவரம் தெரிந்த பிறகு எனக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அம்மாவிடம் கேட்டால், "ஏட்டி, காப்பி அங்கேருந்து இங்க வருதுல்லா, போதாதா?" என்பாள். எனக்குப் போதாது. அம்மாவுக்குப் போதுமானதாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் கேக் விஷயத்தில் மாமி அம்மாவை முழுதாக நம்பினார். நம்பும்படியாகத்தான் அம்மாவும் செய்வாள். மாமிக்கான மாவைக் காலையில் குளித்த கையோடு முதலில் கலக்குவாள். தயிரும் டப்பாப் பாலும் சோடா உப்பும் போட்டுச் செய்வது அது. அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அந்த மாவு டின்னில் இறங்கி மூடும்வரை வீட்டுக்குள் முட்டை வராது. முதல் வருஷம் இந்த முறையைக் கேட்டுக்கொண்ட மாமி, அம்மாவின் கண் முன்னாலேயே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாராம். அதை அம்மா பரிசு வாங்கியதுபோலச் சொல்லுவாள்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம். பழைய டின்கள் துருப்பிடித்துப் போனதால் அம்மா ஒரே மாதிரி இரண்டு புது டின் வாங்கியிருந்தாள். வழக்கம்போல ஒன்றில் முந்திரி, ஒன்று மொட்டை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பா இரண்டையும் பேக்கரியில் கொடுத்துவிட்டு ஃபாக்டரிக்குப் போனார். சாயங்காலம் திரும்பும்போது வாங்கிவந்தார். இரண்டும் டின்னோடு செய்தித்தாளில் சுற்றியிருந்தன. அம்மா கோயிலில் அலங்கார வேலைக்குப் போயிருந்தாள். போகும்போது பீங்கான் தட்டில் முறுக்கு, அதிரசம், கல்கல் எல்லாம் அடுக்கி நடுவில் கேக்குக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். அப்பாவுக்கு ஒரே ஒரு உத்தரவு: முந்திரி போட்டது மாமிக்கு.

அப்பா மேலே இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முந்திரி இருந்தது. டின்னிலிருந்து எடுத்து முந்திரி மேலே தெரியத் தட்டில் வைத்தார். இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. நான்தான் தட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். மாமி வாங்கிக்கொண்டு, "கேக் என்னமா இருக்கு பாரேன்!" என்றார்.

மறுநாள் காலை ஆராதனை முடிந்து வரும்போது மாமா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "டீச்சர், இந்த வருஷம் கேக் பிரமாதம்! பஞ்சு மாதிரி இருந்தது. நான் ரெண்டு துண்டு உள்ள தள்ளிட்டேன். மாமியும் இன்னொண்ணு வேணும்னுட்டா, பாத்துக்கோங்கோ!" அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. புதுச் சேலை கட்டியதற்கு அப்பா ஒன்றும் சொல்லாத குறையை அது தீர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் கேக்கைப் பிரித்தாள். அதிலும் முந்திரி இருந்தது. "இதென்னது?" என்று கேட்டபடியே கத்தியை வைத்தாள். கத்தி இறங்கிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முட்டை போடாத கேக் ஈரமாக, கனமாக இருக்கும். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். புதுச் சேலையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்றார் அப்பா.

"முட்டை போட்டது மாடிக்குப் போயிட்டு."

அப்பாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "சரி, போயிட்டு. தெரியாமத் தின்னாங்க, தெரியாமலே இருக்கட்டும். நல்லா இருந்ததுன்னு வேற சொல்லுதாரு. நீ சும்மா கெட."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. சொன்னால் மாமி பிறந்ததிலிருந்து கட்டிக்காத்த ஒன்று போய்விடும், அம்மாவுக்கு அந்த நாற்காலியும் போய்விடும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். பதினைந்து வயதுக்கே உரிய மேதாவித்தனத்தோடு சொன்னேன்.

"என்னைய நம்பித்தான தின்னாங்க" என்றாள் அம்மா. "நாளைக்கு அதே நாக்காலில உக்காந்து எப்பிடிக் காப்பி குடிப்பேன்? நான் போயிச் சொல்லிட்டு வாரேன்."

போனாள். நான் படியில் பாதிவரை பின்னால் போய் நின்றேன். அம்மா சொன்னது காதில் விழவில்லை. கடைசியில் மாமியின் குரல் கேட்டது. "சரி, டீச்சர்." அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினார். அம்மா இறங்கி வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கினாள். வெங்காயம் ஒரு வசதி.

பண்டிகை கழிந்து ரொட்டி வாங்கப் போனபோது அம்மா பேக்கரிக்காரரிடம் முந்திரியைப் பற்றிக் கேட்டாள். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரே மாதிரி இரண்டு டின், ஒன்றில் மட்டும் காஜு இல்லை, டீச்சர் அவசரத்தில் மறந்திருப்பார், பெரிய நாளும் அதுவுமாக ஒரு கேக் மொட்டையாகப் போகக் கூடாது என்று கடை காஜுவை எடுத்துத் தானே அடுக்கியதாக ஹிந்தியில் சொன்னார். காசு வேண்டாம் என்று முன்கூட்டியே கையை ஆட்டினார். அம்மா ரொட்டிக்கு மட்டும் காசை எடுத்து வைத்தாள். பிறகு, "பஹுத் அச்சா லகா, பாய்சாப்" என்று, ரொம்ப நன்றாக இருந்ததாகச் சிரித்தபடி சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரும் வழியெல்லாம் கத்தினேன். அவரால்தான் இத்தனையும், அவரிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

"மனசாரச் செஞ்சிருக்காரு. அதுல போயி மண்ணள்ளிப் போடவா?"

"அப்ப மாமிகிட்ட மட்டும் ஏன் சொன்ன?"

"அது வேற, இது வேற."

என்ன வேறு என்று அம்மா விளக்கவில்லை. விளக்கம் சொல்லும் டீச்சர் பள்ளிக்கூடத்தோடு சரி.

எங்கள் பீங்கான் தட்டு மாடியிலேயே இருந்தது. தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பழக்கம். நாங்கள் கொடுத்தால் ஓரிரு நாளில் தேங்காய் பர்ஃபியோ தட்டையோ வைத்துத் திரும்பி வரும். அவர்கள் தீபாவளிக்குக் கொடுத்தால் நாங்கள் குறைந்தது சர்க்கரையாவது வைத்துக் கொடுப்போம். அந்த முறை தட்டு வரவில்லை. புது வருஷம் பிறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, தட்டு வரவில்லை. மாமா படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அம்மா பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவுவாள். துண்டால் துடைத்துக்கொண்டு கதவுவரை போவாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போலத் திரும்பி வந்து விடைத்தாள் கட்டைப் பிரிப்பாள். தினமும் இது நடந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்பா ஒருநாள், "அந்தத் தட்டு அவ்வளவுதான். வேற வாங்கிருவோம்" என்றார்.

"தட்டு யாருக்கு வேணும்?" என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பொங்கலன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மாமி நின்றிருந்தார். கையில் எங்கள் தட்டு, அதன் மேல் சர்க்கரைப் பொங்கல். எதைக் கொடுத்தனுப்பினாலும் மாமாவிடமோ என்னிடமோ கொடுத்தனுப்புவதுதான் மாமியின் வழக்கம். அவரே கீழே இறங்கி வந்தது அதுவே முதல் தடவை. அம்மா ஓடிவந்தாள்.

"கோபமாத்தான் இருந்தேன் டீச்சர், இல்லேன்னு சொல்லல" என்றார் மாமி. "உங்க மேலயா, என் மேலயான்னு தெரியல. வாயில போட்டப்போ நன்னா இருந்துதே, அதான் ரொம்ப உறுத்தித்து. இவர் என்னடான்னா, அந்தக் கேக் மறுபடி எப்போன்னு கேக்கறார்." அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தட்டை வாங்கிக்கொண்டாள். மாமி தொடர்ந்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நேக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை. தெரியாமலே உங்களை நம்பிண்டு இருந்திருப்பேன். இனிமே தெரிஞ்சு நம்பறேன். ஆனா அடுத்த வருஷம் பேக்கரி வேண்டாம். எங்காத்துலயே பண்ணுங்கோ."

அந்த வருஷம் டிசம்பர் வரும்வரை நான் அதை நம்பவில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்வது சுலபம், அதற்குள் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். அம்மா மாலையில் மாடிக்குப் போவதும் காப்பி குடிப்பதும் மறுபடி தொடங்கியிருந்தது, அதே நாற்காலியில். திரையும் அதே பச்சைத் திரைதான்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு காலை, அம்மா குளித்துவிட்டு டின்னையும் மைதாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். டப்பாப் பாலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாமி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். குக்கரில் மணலைக் கிளறும் சத்தம் கேட்டது; ஓவனுக்குப் பதில் அந்தச் சூட்டில்தான் கேக் சுடப்போகிறார்கள். அம்மா பழக்க தோஷத்தில் திரைக்கு வெளியே நின்றுவிட்டாள். கையில் டின்.

"ஏன் அங்கயே நிக்கறேள்? உள்ள வாங்கோ, மணல் சூடாயிடுத்து."

அம்மா காலைத் தரையில் ஒருமுறை தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். திரையை ஒதுக்கி உள்ளே போனாள். திரை மறுபடி விழுந்து மூடிக்கொண்டது. உள்ளே பாத்திரச் சத்தமும் பேச்சும் கேட்டன. தயிர் புளிக்காமல் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். மாமி ருசி பார்த்துச் சொன்னார்.

நான் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் இருந்தது. இவ்வளவு சின்ன இடத்துக்கு இத்தனை வருஷமா என்று. டப்பாப் பால் என் மடியிலேயே இருந்தது. அவர்களாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

திரை விலகியது. மைதா ஒட்டிய கையோடு மாமி எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, நோக்குத் தனியா வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா? எழுந்து வா."

எழுந்து போனேன்.