டவலுக்கு இயைபு

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காது குத்தினாலும், யாருக்குக் கல்யாணமானாலும் வாழ்த்துப்பா எழுதுவது என் வேலை. குமாரபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மருமகளாக வந்த புதிதில் நாத்தனார் கல்யாணத்துக்கு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன், அன்று பிடித்துக்கொண்டது. மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பேனரில் என் வரிகளைப் படித்துவிட்டுச் சொந்தக்காரர்கள், "நம்மூட்டு டீச்சர் எழுதுனதுங்க" என்று பேசிக்கொள்ளும்போது, காதில் விழாதவள் போல அந்தப் பக்கமாகக் கடந்துபோவேன். பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் திரும்பி வந்து இன்னொரு தடவையும் கேட்டுக்கொள்வேன்.

என் கணவருக்குத் தறி. டர்க்கி டவல் ஓடுகிறது. கட்டுக் கட்டாக மொத்த வியாபாரிகளுக்குப் போய், அங்கே யார் பெயரோ ஒட்டி விற்பனையாகிக்கொண்டிருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து தொழிலில் சேர்ந்த என் கொழுந்தனார்தான், நாமே பெயர் வைத்து நாமே விற்கலாம் என்று ஆரம்பித்தார். பெயர் முடிவாயிற்று. டேக் அடிக்க வேண்டும்.

"பேருக்குக் கீழ ஒரு லைன் வேணும்ணா. இங்கிலீஷ்ல. ரைமிங்கா இருந்தா மனசுல நிக்கும். பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் எழுதித் தருவான்."

"எதுக்குடா வெளியாளு? ஊட்லயே ஆளு இருக்குது" என்றார் என் கணவர்.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிறிது கவலை இருந்தது என்பது இப்போது புரிகிறது. அப்போது அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"இங்கிலீஷா..." என்று தயங்குகிற மாதிரி இழுத்தேன். உள்ளுக்குள் தயக்கமே இல்லை. ரைம் என்று இவர்கள் பெரிதாகச் சொல்வது வேறொன்றுமில்லை, நம் இயைபுதான். அடிகளின் கடைசியில் ஓசை ஒன்றி வர வேண்டும். ஆறாம் வகுப்புக்கே அதை நடத்துகிறேன். எதுகை, மோனை எல்லாம் கட்டி ஆண்டவளுக்கு இயைபு மட்டும் போதும் என்றால் பாதி வேலை மிச்சம்.

அடுத்த நாள் காலை கொழுந்தனார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே படித்துக் காட்டினேன். "டிராவல் வித் டவல்." அவர் மெல்லுவதை நிறுத்தினார். விடவில்லை நான். "நியூ லெவல் டவல்."

"அண்ணி, நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா லெவலும் டவலும் ரைம் ஆகாதுங்க."

"ஏன் ஆகாது? கடைசியில வல்லு வருது, வல்லு வருது. இதைவிட எப்படி ஆகறது?"

"நாம சொல்றப்ப அப்படி வருதுங்க. இங்கிலீஷ்காரன் டவலைக் கொஞ்சம் வாயைத் தொறந்து சொல்லுவானுங்க. டவ்... எல்."

நானும் வாயைத் திறந்து சொன்னேன். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று முழுவதும் சமையலறையில் வேலை செய்துகொண்டே டவ்... எல், டவ்... எல் என்று பழகினேன். மத்தியானம் சாப்பிட வந்த கணவர் வாசற்படியிலேயே நின்று, "பல்லு வலியா அம்மிணி?" என்று கேட்டார்.

ஓசை தானாக வராது என்று தெரிந்ததும் கைப்பேசியில் தேடினேன். டவலோடு ஒத்து ஒலிக்கும் சொற்கள் என்று ஒரு வரிசையே கொட்டியது. ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு பெண் குரல் உச்சரித்துக் காட்டியது. அர்த்தம் பார்ப்பதற்கு என்னிடம் அகராதி இருந்தது. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் ஜெயித்ததற்குக் கொடுத்தது. தலையணை கனம். அது என் வீட்டில் இருக்கும்போது கைப்பேசியை நம்பி அர்த்தம் பார்ப்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது.

முதலில் ஆந்தை வந்தது. ஆந்தையைத் துண்டில் போட்டு யார் வாங்குவார்கள்? அடுத்தது நாய் ஊளையிடுவது. அப்புறம் உறுமுவது, முகத்தைச் சுளிப்பது, திருட்டுத்தனமாக நடமாடுவது, நாற்றம். டவலோடு சேருகிற சொற்கள் எல்லாமே ஏன் இப்படி விளங்காதவையாக இருக்கின்றன என்று இங்கிலீஷ்காரன் மேல் எரிச்சலாக வந்தது. கடைசியில் வவல் என்று ஒன்று வந்தது. உயிரெழுத்து! தமிழாசிரியைக்கு என்றே காத்திருந்த சொல். குதித்துக்கொண்டு போய்க் கணவரிடம் சொன்னேன்.

"துண்டுக்கும் உயிரெழுத்துக்கும் என்ன சம்மந்தம் அம்மிணி?"

யோசித்துப் பார்த்தேன். சம்பந்தம் இல்லைதான்.

அதற்கு அடுத்த சொல் பவல். கேட்டவுடனே பிடித்துவிட்டது. பவளம் மாதிரி இருந்தது. அகராதியைப் புரட்டினேன். குடல் என்று முதலில் போட்டிருந்தது. முகம் சுருங்கியது. ஆனால் நான் முதல் அர்த்தத்தோடு நிறுத்துகிற ஆளா? ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு, இடம் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். கீழே போனேன். உள்ளுறுப்பு, உட்பகுதி என்று வந்து, கடைசியாக, இரக்கத்தின் இருப்பிடம், கனிவு என்று இருந்தது.

எனக்குப் புல்லரித்தது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? பெத்த வயிறு பத்தி எரியுது என்கிறோம். பிள்ளை கீழே விழுந்தால் அடிவயிறு கலங்குகிறது. அன்பும் பரிவும் வயிற்றில்தான் இருக்கிறது என்று நம் தாய்மார்களுக்குத் தெரிந்தது இங்கிலீஷ்காரனுக்கும் தெரிந்திருக்கிறதே! மெல்லிய துண்டு, இளகிய மனசு. இரண்டே வரி. மேல் வரியும் கீழ் வரியும் தராசில் நிறுத்த மாதிரி நின்றன.

சாஃப்ட் டவல்,
சாஃப்ட் பவல்.

கணவர் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். "வாய்க்கு வாகா இருக்குது. அர்த்தம் பாத்துட்டயா?"

"பாத்தாச்சுங்க. டிக்சனரியிலயே இருக்குது."

கொழுந்தனார் அப்போது தறி பார்க்க சூரத் போயிருந்தார். போனில் கேட்டிருக்கலாம். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று கேட்கவில்லை. அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தினார், அனுப்பிவிட்டோம்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் ஜவுளிக் கண்காட்சி. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஸ்டாலில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவை. எழுதியவள் பார்க்க எப்படி இருக்கிறாள் என்று நாளைக்கு யாரும் குறை சொல்லிவிடக் கூடாதல்லவா. ஒவ்வொரு டவலின் மூலையிலும் டேக் தொங்கியது. பின்னால் அதே வரிகள் பெரிய எழுத்தில் பேனரில் இருந்தன.

கூட்டம் வந்தது. ஒரு கணவன் மனைவி டவலைத் தொட்டுப் பார்த்தார்கள். மனைவி டேக்கைப் படித்துவிட்டுக் கணவன் கையைக் கிள்ளினாள். அவர் படித்துவிட்டுத் தோள் குலுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு டவல் வாங்கினார்கள். பிறகு கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டம். பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் நடுவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"ஜனங்க முகத்துல சிரிப்பு பாத்தயா? உன்ற லைன் வேலை செய்யுது" என்றார் கணவர். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்து நின்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தார். "வாங்க, வாங்க! சாஃப்ட் டவல், சாஃப்ட் பவல்!" பக்கத்து ஸ்டாலில் போர்வை விற்றவரும் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை கூவினார். ஒரு கட்டத்தில் நானே கூச்சத்தை விட்டுக் கணவரோடு சேர்ந்துகொண்டேன். அவர் முதல் வரி, நான் இரண்டாம் வரி.

சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். பருத்திப் புடவை, கண்ணாடி. டேக்கைப் படித்தார், பேனரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதை யாரும்மா எழுதினது?"

"நான்தாங்க."

"நீங்க மெடிக்கல் லைனா?"

"இல்லீங்க. தமிழ் டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கமாக வந்து, என் அருகில் குனிந்து, "என்ன அர்த்தம்னு நெனச்சு எழுதினீங்க?" என்று கேட்டார்.

"மெத்துனு துண்டு, இளகுன மனசுங்க."

"ஓ..." என்று ஒரு மூச்சு விட்டார். "நான் டாக்டர். பவலுக்கு அப்படி ஒரு அர்த்தம் பழைய புஸ்தகத்துல இருக்கலாம்மா. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. தினமும் காலையில பேஷன்ட்டுங்ககிட்ட நாங்க கேக்கற கேள்வி அது. மோஷன் ஒழுங்கா போச்சான்னு கேப்போம் பாருங்க, அந்தக் குடல். அதுகூட சாஃப்ட்னு சேத்துட்டா, படிக்கிறவங்களுக்கு..."

டேக்கை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

காதிலிருந்து சூடு கழுத்து வரைக்கும் இறங்கியது. பட்டுப்புடவை முள்ளாகக் குத்தியது. கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப காலையில இருந்து நான் என்னன்னுங்க கூவிட்டிருந்தேன்?"

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். "மெத்துனு துண்டு, இளகலா மோஷன்."

கணவர் மெல்லத் திரும்பிப் பக்கத்து ஸ்டால்காரரைப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் கடைசியாக ஒரு தடவை கூவிவிட்டு அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா போகும்போது இரண்டு டவல் வாங்கினார். "டேக்கோடவே குடுங்க" என்றார்.

பேனரை இறக்கிச் சுருட்டினோம். கத்தரிக்கோல் வாங்கி வந்து, இரண்டு பேரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு டேக்கிலும் இரண்டாவது வரியை வெட்டினோம். வெட்டிய துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டேன். மேல் வரியின் கமாவை எடுக்க முடியவில்லை. சாஃப்ட் டவல், என்று சொல்லிவிட்டு யாரோ பாதியில் எழுந்துபோன மாதிரி ஆயிற்று.

கொழுந்தனாருக்கு விஷயம் எப்படியோ எட்டி, போன் செய்தார். முதலில் குரலே வரவில்லை; சிரிப்பில் இருமிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க?"

"வந்து பாத்து அசந்துபோகட்டும்னு இருந்தேனுங்க."

"அசந்துதானுங்க போயிட்டேன்."

மறுநாள் நான் சாதாரணப் புடவையில் போய் மேசைக்குப் பின்னால் எவ்வளவு குனிந்து உட்கார முடியுமோ அவ்வளவு குனிந்து உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுப் பழகியவர்கள் என்று நடையிலேயே தெரிகிற ஒரு இளைஞர் கூட்டம் வந்தது. படிப்பை முடிக்கிற நிலையில் இருக்கும் மருத்துவ மாணவர்கள். டாக்டரம்மா அவர்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, அந்த பவல் டவல் இருக்குங்களா?"

"தீர்ந்துபோச்சுங்க" என்றேன்.

"ஒரு நிமிசம் இருங்க சாமி" என்று என் கணவர் மேசைக்கு அடியில் புகுந்தார். பிளாஸ்டிக் கவரோடு வெளியே வந்தார். டவல் தனி, வெட்டிய சீட்டு தனியாக எடுத்து நீட்டினார். "ஊட்டுக்குப் போயி நீங்களே ஒட்டிக்குங்க."

வாங்கினார்கள். சிலர் சீட்டை இரண்டாகக் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் என் வாழ்த்துப்பாவை யாரும் இரண்டு பிரதி கேட்டதில்லை. பேனரைக் கல்யாணம் முடிந்த கையோடு ஆட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டுவிடுவார்கள். நான் எழுதியதிலேயே ஜனங்கள் ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போனது இந்த ஒரு வரிதான். வெட்கமும் இருந்தது. கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், அந்தப் பழைய பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை அடக்குவதற்குள் ஒரு பெண்ணுக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது சங்ககிரி தாண்டி டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கு இப்பவும் புடிச்சுத்தான் இருக்குது அம்மிணி" என்றார்.

"அர்த்தம் தெரிஞ்சுமாங்க?"

"அர்த்தத்த உட்டுத் தள்ளு. நீ எனக்குப் படிச்சுக் காட்டுனப்ப உன்ற மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

டீ சூடாக இருந்தது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

இப்போது டேக்கில் இருக்கிற வரிகள் கொழுந்தனார் எழுதியவை. நூறு சதவீதம் பருத்தி, தனியாகத் துவைக்கவும். இங்கிலீஷில், சிறிய எழுத்தில், இயைபு எதுவும் இல்லாமல். அச்சுக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, "அண்ணி, ஒரு தடவை சரிபாத்துருங்க" என்றார். மரியாதைக்காகக் கேட்டாரா, கேலிக்கா என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்து அகராதியிலும் கைப்பேசியிலும் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பருத்தி, பருத்திதான். துவைப்பது, துவைப்பதுதான். ஏதாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று மத்தியானம் முழுக்கத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.